அணு செக்யூரிட்டி, சேஃப்கார்ட்ஸ் வேலைக்கு எப்படி படிக்கறது: பிரிட்டோரியால இருந்து கொஞ்சம் சொல்றேன்

கோயில்ல பாக்கற பசங்களும் சரி, டர்பன்ல இருந்து போன் பண்ற சொந்தக்கார புள்ளைங்களும் சரி, மொதல்ல கேக்கறது "அக்கா, இதுக்கு நியூக்ளியர் பிசிக்ஸ்ல பிஎச்டி வேணுமா?"னு தான். வேணாம்பா. இன்ஜினியரிங், கெமிஸ்ட்ரி, ஸ்டாடிஸ்டிக்ஸ், ஐடி, சட்டம் படிச்சவங்க கூட இருக்காங்க. கணக்கு பாக்க பொறுமை இல்லன்னா மட்டும் இந்த பக்கம் வராதீங்க.

மூணு வார்த்தைய எல்லாரும் குழப்பிக்கறாங்க. சேஃப்டின்னா விபத்து நடக்காம பாக்கறது, செக்யூரிட்டின்னா திருட்டு, நாசவேலை, உள்ள வேலை செய்யறவனே செய்யற துரோகம் இதையெல்லாம் தடுக்கறது, சேஃப்கார்ட்ஸ்னா ஒரு நாடு அணுப்பொருள ரகசியமா குண்டு பக்கம் திருப்பலையான்னு ஐஏஇஏ, அதாவது சர்வதேச அணுசக்தி முகமை, சரிபார்க்கறது. இன்டர்வியூல இத ஒழுங்கா சொல்லலன்னா அங்கயே முடிஞ்சுது.

படிக்கும்போது நான் அதிகமா உக்காந்தது மெட்டீரியல் பேலன்ஸ்ல. மளிகை கடைல வருஷக் கடைசில ஸ்டாக் எடுக்கற மாதிரி தான். ஆரம்ப இருப்பு 120 கிலோ, வந்தது 30, அனுப்புனது 25, அப்ப புக்குல 125 இருக்கணும், எடை போட்டு பாத்தா 124.6 தான் இருக்கு. அந்த 0.4 தான் எம்யூஎஃப், அதாவது கணக்குல வராத பொருள். உடனே திருட்டுன்னு எழுதிட்டா தப்பு, தராசுலயும் சாம்பிள்லயும் பைப்புக்குள்ள ஒட்டிக்கிட்டதுலயும் எவ்வளவு பிழை வரும்னு பாத்து அதுக்குள்ள அடங்குதான்னு சொல்லணும், அதான் கேள்வியோட உயிரே. ஆனா கேப் டவுன் பக்கத்துல இருக்கற கூபெர்க் மாதிரி அணு பவர் ஸ்டேஷன்ல கதை வேற, அங்க ஒரு ரியாக்டர் கோர்ல 157 எரிபொருள் அசெம்பிளி, அதாவது எரிபொருள் கம்பிக் கட்டு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் இருக்கு, எண்ணிடலாம், அதனால அங்க எம்யூஎஃப் பூஜ்யமா தான் இருக்கணும். இந்த ரெண்டு வகை வித்தியாசம் தெரியாம பார்முலாவ மட்டும் மனப்பாடம் பண்றவங்க தான் மாட்டிக்கறாங்க. புளுட்டோனியம் 8 கிலோ, உயர் செறிவு யுரேனியத்துல யு-235 25 கிலோ, கிட்டத்தட்ட இவ்வளவு இருந்தா ஒரு குண்டு செஞ்சுட முடியும்னு ஐஏஇஏ வச்சிருக்கற அளவு இது, இந்த ரெண்டு நம்பர் தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் வரணும்.

இன்னொண்ணு, வெளிநாட்டு கேஸ் ஸ்டடி தேடி அலையாதீங்க, நம்ம நாடே பெரிய கேஸ் ஸ்டடி. தென்னாப்பிரிக்கா ஆறு குண்டு செஞ்சு முடிச்சு, ஏழாவது பாதில இருக்கும்போதே எல்லாத்தையும் கலைச்சுட்டு 1991 ஜூலைல என்பிடில, அதாவது அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்துல, சேந்துச்சு, ஆனா அப்ப ஜனாதிபதியா இருந்த டி கிளர்க் அத பார்லிமென்ட்ல வெளிய சொன்னது 1993 மார்ச்சுல தான். சரி, இவ்வளவு தான் செஞ்சோம்னு ஒரு நாடு சொன்னா எப்படி நம்பறது? பிரிட்டோரியா பக்கத்துல வேலிண்டாபால இருந்த யுரேனியம் செறிவூட்டல் ஆலையோட பழைய ரெக்கார்டுங்கள எல்லாம் எடுத்து வச்சு, எவ்வளவு உள்ள போச்சு, எவ்வளவு வந்திருக்கணும்னு இன்ஸ்பெக்டர்ங்க திருப்பி கணக்கு போட்டாங்க. பழைய நோட்டுப்புத்தகம் பத்திரமா இருந்ததால தான் அது முடிஞ்சுது. பேப்பர் வேலைன்னு இளக்காரமா பேசறவங்ககிட்ட இதத்தான் சொல்றேன்.

செக்யூரிட்டி பக்கத்துக்கும் நம்மகிட்டயே பாடம் இருக்கு, 2007 நவம்பர்ல பிரிட்டோரியா பக்கத்துல இருக்கற பெலிண்டாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குள்ள ஆயுதத்தோட ஆளுங்க மின்வேலிய தாண்டி எமர்ஜென்சி கன்ட்ரோல் ரூம் வரைக்கும் போய்ட்டாங்க. கண்டுபிடி, தாமதப்படுத்து, பதிலடி கொடுன்னு புக்குல மூணு வார்த்தை இருக்கும், ஆனா கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் வர்ற தாமதம் தான் கணக்குல சேரும். அலாரம் அடிக்கறதுக்கு முன்னாடி வேலி அவன பத்து நிமிஷம் நிறுத்தி வச்சாலும் பிரயோஜனம் இல்ல. இந்த ஒரு பாயின்ட்ட டைம்லைன் வரைஞ்சு காட்டுனா மார்க் நிச்சயம்.

வழி என்னன்னா, இங்க நார்த் வெஸ்ட் யுனிவர்சிட்டில நியூக்ளியர் இன்ஜினியரிங் மேல்படிப்பு இருக்கு, விட்ஸ்ல ரேடியேஷன் பிசிக்ஸ் பக்கம் இருக்கு. அப்புறம் அரசாங்க அணுசக்தி நிறுவனம் நெக்சாலயோ, அணு வேலைகள கண்காணிக்கற ரெகுலேட்டர் என்என்ஆர்லயோ கொஞ்ச வருஷம் கைப்பழக்கம் வேணும், படிச்ச கையோட நேரா ஐஏஇஏ தலைமையகம் இருக்கற வியன்னா போய் இன்ஸ்பெக்டர் ஆகறது நடக்காது. வளரும் நாட்டு இளம் பட்டதாரிங்களுக்கு ஐஏஇஏல சேஃப்கார்ட்ஸ் ட்ரெய்னிஷிப் இருக்கு, கிட்டத்தட்ட பத்து மாசம். பொண்ணுங்களுக்கு மாஸ்டர்ஸ் படிக்க மேரி கியூரி ஃபெல்லோஷிப் 2020ல இருந்து குடுக்கறாங்க, இன்டர்ன்ஷிப்புக்கும் வழி பண்றாங்க, மொரீஷியஸும் ஐஏஇஏ உறுப்பு நாடு தான், அங்க இருக்கற தங்கச்சிங்களும் அப்ளிகேஷன் போடலாம்.

இன்ஸ்பெக்டரா சேந்தாலும் மறுபடி மாசக்கணக்குல கிளாஸ் தான். சீல் போடறது, துணியால துடைச்சு சாம்பிள் எடுக்கறது, எரிபொருள் குளத்துல தெரியற நீல வெளிச்சத்த கருவி வழியா பாத்து உண்மையான எரிபொருளா டம்மியான்னு சொல்றது எல்லாம் அங்க தான் கைல வரும். அதனால இப்பவே அதெல்லாம் யூடியூப்ல பாத்து டைம் வீணாக்காம, ஒரு பக்கத்துக்குள்ள சுத்தமா இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதி பழகுங்க, எழுதுனத யாராவது கண்டிப்பானவங்ககிட்ட குடுத்து சிவப்பு பேனால அடிக்க சொல்லுங்க, டவுட் இருந்தா எனக்கும் அனுப்புங்க, சனிக்கிழமைல தான் பாப்பேன்.