பாதுகாப்புக்காக எரித்தது

"எழுத்துல கொடுத்துட்டாங்க இல்ல தம்பி, அப்புறம் என்ன?" என்று அண்ணன் கேட்டார். "சரிங்கண்ணே" என்றேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. அந்தச் 'சரி' இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

ஓர் எண்ணெய் நிறுவனத்தின் நிலைத்தன்மை அறிக்கையை, அதாவது சுற்றுச்சூழல் போன்ற விஷயங்களில் தான் எப்படி நடந்துகொண்டது என்று அது வெளியிடும் கணக்கை, சரிபார்த்துக்கொண்டிருந்தோம். வெளிநாட்டு எண்ணெய் வயல் ஒன்றில், எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவில் அந்த ஆண்டு எரித்தது மொத்தத்தையும் 'பாதுகாப்புக்கான எரிப்பு' என்ற கட்டத்தில் போட்டிருந்தார்கள். 'வழக்கமான எரிப்பு' என்ற கட்டத்தில் பூஜ்யம். உலக வங்கி 2015இல் தொடங்கிய திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்கள் 2030க்குள் நிறுத்துவதாகச் சொன்னது வழக்கமான எரிப்பை மட்டும்தான். அழுத்தம் ஏறி ஆபத்து வரும்போது எரிப்பது அதில் சேராது. சேரவும் கூடாது, ஆட்களின் உயிர் அதில் இருக்கிறது. வாயுவைக் கொண்டுபோகக் குழாய் போடாமல் தினமும் கொளுத்துவது வேறு கதை, அதுதான் வழக்கமான எரிப்பு.

இரவில் தீயின் வெப்பத்தைப் பிடிக்கும் செயற்கைக்கோள் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். மேகம் மறைத்த இரவுகள் போக, மற்ற எல்லா இரவும் அங்கே எரிந்திருக்கிறது. வருடம் முழுக்கவா ஆபத்து?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டின்போது அண்ணனிடம் காட்டினேன். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அவர். கைகழுவிவிட்டு வந்து நிதானமாகப் பார்த்தார். "எரியுதுன்னு படம் சொல்லும். எதுக்கு எரியுதுன்னு சொல்லாதே" என்றார். அதில் தப்பு சொல்ல முடியாது. அதற்குப் பிறகுதான், எல்லாம் பாதுகாப்புக்கான எரிப்பு என்று நிறுவனத்தார் எழுத்தில் கொடுத்துவிட்டார்கள் என்றார்.

எங்கள் வேலைக்கு எல்லை உண்டு. குறைந்த அளவு உறுதிதான் தருகிறோம், முழுத் தணிக்கை அளவுக்குத் தோண்டிப் பார்ப்பதில்லை. வயலுக்குப் போய்ப் பார்ப்பது ஒப்பந்தத்திலேயே இல்லை. இப்படிச் சொல்லிக்கொண்டால் ஓரிரு நாள் நன்றாகத் தூங்குகிறேன். ஆனால் சான்றில் நாங்கள் எழுதும் வாக்கியம் இது: 'அறிக்கை தவறானது என்று கருத வைக்கும் எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை.' என் கவனத்துக்கு வந்ததே.

நைஜீரியாவைப் பற்றிப் படித்தது அப்புறம்தான். 1984 ஜனவரி 1 முதல் அமைச்சரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வாயுவை எரிக்கக் கூடாது என்று 1979லேயே அங்கே சட்டம் போட்டார்கள். அனுமதி வாங்கியும் அபராதம் கட்டியும் எரித்துக்கொண்டே இருந்தார்கள். எண்ணெய் எடுக்கும் நைஜர் டெல்டா பகுதியிலுள்ள இவெரெகான் ஊர்க்காரர்கள் சார்பில் ஜோனா க்பெம்ரே வழக்குப் போட்டார். 2005 நவம்பரில் பெனின் நகரில் கூட்டாட்சி உயர் நீதிமன்றம், இந்த எரிப்பு அந்த மக்களின் உயிர் வாழும் உரிமையையும் கண்ணியத்தையும் மீறுகிறது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் நைஜர் டெல்டாவில் தீ அணையவில்லை. அங்கேயும் எல்லாம் எழுத்தில்தான் இருந்தது. அதைப் படித்த இரவு அண்ணன் மேல் கோபம் வந்தது. அது நியாயமில்லை, சரி என்றது நான்தானே.

நான் விடாமல் கேட்டிருந்தாலும் நிறுவனம் வேறு ஆளைப் பிடித்திருக்கும் என்று தோன்றுகிறது. அப்படித்தான் நடந்திருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்றால், இல்லை. வால்வு திறந்து, ஆலை நின்று, அவசரமாக எரிக்க நேர்ந்தால் தேதி, நேரம், காரணம் எல்லாம் பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவேட்டை அனுப்புங்கள் என்று ஒரு வரி மெயில் போட்டிருந்தால் போதும். படம் சொல்லாததை அது சொல்லியிருக்கும். சாப்பிட்டு எழுந்தபோதே இது எனக்குத் தெரியும். அண்ணனிடம் சொல்லவில்லை.