ஆழத்துக்கு ஒரு நிறம்: வரைபட நாட்குறிப்பு

மார்ச் 3

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் நிலநடுக்கப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஓராண்டுக்கானதை எடுத்தேன், 4.5 அளவும் அதற்கு மேலும். நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், அளவு என்று ஆயிரக்கணக்கான வரிகள். அப்படியே கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினேன். கடற்கரைக் கோடுகள்கூட இன்னும் போடவில்லை, அதற்குள் அட்லாண்டிக் நடுவே தையல் போட்டதுபோல் புள்ளிகள் இறங்கின.

கடலடியை வரைபடமாக்கிய அமெரிக்க நிலவியலாளர் மேரி தார்ப் நினைவுக்கு வந்தார். 1950களின் தொடக்கத்தில், இந்தப் புள்ளிகள் விழுந்த அட்லாண்டிக் கடலடி மலைத்தொடரில் பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதை அவர் வரைந்து காட்டியபோது உடனே யாரும் ஏற்கவில்லை. அவருடன் பணியாற்றிய ஹோவர்ட் ஃபாஸ்டர் அதே அளவுகோலில் குறித்திருந்த நிலநடுக்கப் புள்ளிகள் அந்தப் பள்ளத்தாக்கின் மேலேயே விழுந்தன. இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்ததில் கிடைத்த சான்று அது.

மார்ச் 5

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன. பாதிப் புள்ளிகள் உலகத்துக்கு வெளியே. சரிசெய்தாயிற்று.

மார்ச் 8

வட்டத்தின் பரப்பு ஆற்றலைக் காட்டட்டும் என்று முயன்றேன். அளவு ஒன்று கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு. 5க்கு 1 மி.மீ. விட்டம் கொடுத்தால் 7க்கு 3 செ.மீ., 8க்கு 18 செ.மீ. வேண்டும், ஒரே வட்டம் ஒரு கண்டத்தை விழுங்கிவிடும். மனமில்லாமல்தான் கைவிட்டேன். இப்போது எல்லாப் புள்ளிகளும் ஒரே பருமன்.

மார்ச் 14

ஆழத்துக்கு நிறம் கொடுத்தேன். முதலில் வானவில் வரிசை. நடுவிலுள்ள மஞ்சள் கண்ணைப் பறித்ததில், இல்லாத எல்லை ஒன்று இருப்பதுபோல் தெரிந்தது. கருநீலத்தில் தொடங்கி மஞ்சளில் முடியும் விரிடிஸ் நிறவரிசைக்கு மாறினேன். அதில் வெளிச்சம் ஒரே சீராகக் கூடிக்கொண்டே போகிறது.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் ஆழம் குறைந்தவை. கிழக்கே போகப்போக ஆழமானவை. கடலடிப் பாறைத்தட்டு கண்டத்துக்கு அடியில் சாய்ந்து இறங்குகிறது. இதைப் படித்திருக்கிறேன்தான். ஆனாலும் என் திரையில் நானே போட்ட நிறத்தில் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

மார்ச் 15

தென் பசிபிக்கிலுள்ள ஆழ்கடல் பள்ளமான டோங்கா அகழியைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்க்க ஆசை. தெற்கு 17 முதல் 23 பாகை வரை ஒரு பட்டை. கிடையாகத் தீர்க்கரேகை, கீழ்நோக்கி ஆழம். முதலில் படம் இரண்டாகப் பிளந்து இரு ஓரங்களுக்கும் ஓடிவிட்டது, ஏனென்றால் 180 பாகைக் கோடு இங்கேதான் குறுக்கிடுகிறது. எதிர்ம எண்களோடு 360ஐக் கூட்டியதும் இரு பாதிகளும் சேர்ந்தன. அகழியிலிருந்து மேற்கே சரிந்து, 600 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கும் ஒரு பலகை! வடாட்டி, பெனியாஃப் என்ற நில அதிர்வியலாளர் இருவரின் பெயரையும் தாங்கிய மண்டலம். வெகுநேரம் வேறெதுவும் செய்யவில்லை.

மார்ச் 22

அதே படத்தில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. சரியாக 10 கிலோமீட்டர் ஆழத்தில், அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி கிடைக்கோடு. பூமி அப்படி நேர்கோடு போடாதே! விளக்கக் குறிப்பைத் தேடிப் படித்தேன். நில அதிர்வு நிலையங்களின் பதிவுகளிலிருந்து ஆழத்தைச் சரியாகக் கணிக்க முடியாதபோது 10 என்று நிலையாக வைத்துக்கொள்வார்களாம். 33ம் அப்படி ஒரு எண்ணே.

அவற்றை அழிக்க மனம் வரவில்லை. நிலநடுக்கம் நடந்தது உண்மை, ஆழம்தான் தெரியவில்லை. அந்தப் புள்ளிகளை உள்ளே நிறமில்லாத வளையங்களாக மாற்றி, குறிவிளக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "ஆழம் கணிக்கப்படவில்லை."