கல்யாண வீடியோவுக்காக ஒரு கணினி சேர்த்தேன்

கெட்டிமேளம் முழங்குகிறது, படம் அப்படியே நிற்கிறது. மாப்பிள்ளையின் கை தாலியோடு பாதி வழியில் உறைந்திருக்க, நாதஸ்வரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2024 நவம்பரில் சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் எடுத்த ஒரு கல்யாணத்தை என் பழைய லேப்டாப்பில் போட்டபோது நடந்தது இது. இரவெல்லாம் பிராக்ஸி (எடிட் செய்ய எளிதான சின்ன நகல்கள்) போடவிட்டு, மறுநாள் வேலை முடிந்து வந்து எடிட் செய்வேன். பெண் வீட்டார் பொறுமையாகத்தான் இருந்தார்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. புதுக் கணினி ஒன்றைப் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். என் வரம்பு 3,500 வெள்ளி.

முதல் சனிக்கிழமை ரோச்சோரில் இறங்கி சிம் லிம் ஸ்குவேரில் நாலைந்து கடை ஏறி இறங்கி, விலைப்பட்டியல்களை வாங்கி வந்தேன். எடிட்டிங்குக்கு என்று சொன்னதும் எல்லாரும் முதலில் கிராபிக்ஸ் கார்டைப் பற்றித்தான் பேசினார்கள். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அக்கா மகன் பட்டியலைப் புரட்டிவிட்டு, "மாமா, கார்டு அப்புறம். உங்க கேமரா என்ன ஃபைல் தருது, அதை முதல்ல சொல்லுங்க" என்றான். கணினி வாங்கப் போகிற யாருக்கும் நான் இப்போது சொல்வது இந்த ஒரு கேள்வியைத்தான்.

நான் எடுப்பது 4கே, 50பி (வினாடிக்கு 50 சட்டம்), எச்.265 (நன்றாகச் சுருக்கிய வீடியோ வகை), நிறத்துக்கு 10 பிட், 4:2:2. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 50பியில் எடுத்து ஷட்டரையும் அதற்கேற்ப வைத்தால் மண்டப விளக்குகள் அநேகமாக மினுக்குவதில்லை. 4:2:2வில் நிறத் தகவல் கூடுதலாகப் பதிவாகும். அரக்குப் பட்டும் சாமந்தி மாலையும் ஒரே சட்டத்தில் வரும்போது, நிறத்தைத் திருத்த அந்தக் கூடுதல்தான் கைகொடுக்கும். ஆனால் நான் வாங்க நினைத்திருந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கிராபிக்ஸ் கார்டில், இந்த வகைக் கோப்பைப் பிரித்து ஓட்டும் வசதி வன்பொருளிலேயே கிடையாது. 40 வரிசை முழுக்க அப்படித்தான். இன்டெல் சிப்பின் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதிக்கு அது கைவந்த வேலை. என்விடியா 2025இல் கொண்டுவந்த 50 வரிசை 4:2:2வையும் ஓட்டும் என்பதால், இன்று வாங்குபவர் கணக்கு வேறு.

ஒரு கடையில் எழுதித் தந்த பட்டியலை வைத்துப் பணம் கட்டவே இருந்தேன். அதில் இன்டெல் சிப் கோர் அல்ட்ரா 7 265கேஎஃப் என்றிருந்தது. 265கேயும் அதுவும் ஒரே வேகம், இது கொஞ்சம் மலிவு. கடைசியில் வரும் அந்த 'எஃப்' எழுத்துக்கு, உள் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். எனக்கு எது உயிரோ அதுவே இல்லாத சிப். கணினி விளையாட்டுக்கு வாங்குபவருக்கு அதனால் நஷ்டமில்லை. எனக்கு மொத்தப் பணமும் வீணாகியிருக்கும். 265கே என்று மாற்றி எழுதச் சொன்னேன்.

நினைவகத்திலும் ஒரு மாற்றம். நான்கு 16 ஜிபி போட்டிருந்தார்கள். டிடிஆர்5 வகை நினைவகத்தில் நான்கு இடமும் நிரம்பினால் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டவேண்டி வரும். இரண்டு 32 ஜிபி போதும், பிறகு கூட்டவும் இடமிருக்கும்.

சேமிப்புக்குத்தான் அதிக நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வினாடிக்கு 200 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி. இரண்டு கேமரா, நான்கு மணி நேரம்: 720 ஜிபி. ஒரே ஒரு கல்யாணத்துக்கு! ஆகவே விண்டோஸுக்கு 1 டிபி, நடப்பு வேலைக்குத் தனியாக 4 டிபி, இரண்டும் வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி. மலிவான கியூஎல்சி வகையைத் தவிர்த்தேன். பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது, முதல் கொஞ்ச நேரம் பறந்துவிட்டுப் பிறகு அதன் வேகம் படுத்துவிடும். முடிந்த கல்யாணங்களுக்கு 8 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஒன்றின் நகல் மற்றொன்று. இரண்டும் சிஎம்ஆர் வகை, அதாவது பதிவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. தடங்கள் ஏறியிருக்கும் எஸ்எம்ஆர் டிஸ்க்கில் அழித்து அழித்து எழுதினால் ஆமை வேகம்.

850 வாட் பவர் சப்ளை, முன்பக்கம் வலை போட்ட கேஸ், பெரிய காற்றுக் குளிர்விப்பான். ஈசூனில் என் அறையில் பகலெல்லாம் ஏர்கான் போடுவதில்லை. பக்கத்திலேயே சாமி மேடை, ஊதுபத்திப் புகை வேறு. கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருக்கிறதா என்று பார்த்துத்தான் அந்தக் கேஸை எடுத்தேன்.

கடையிலேயே பொருத்தி வாங்கி, டாக்சியில் மடியில் வைத்துக் கொண்டுவராத குறையாகக் கொண்டுவந்தேன். டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங் மென்பொருளில் அதே கல்யாணத்தைத் திறந்தேன். மறுபடியும் திக்கியது. நெஞ்சு அடைத்துவிட்டது.

டாஸ்க் மேனேஜரில் ஒரே ஒரு ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) தான் தெரிந்தது. தனிக் கிராபிக்ஸ் கார்டு செருகியதும் மதர்போர்டு உள் கிராபிக்ஸைத் தானாகவே அணைத்து வைத்திருந்தது. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் ஐஜிபியு (உள் கிராபிக்ஸ்) மல்டி மானிட்டர் என்ற அமைப்பை இயக்கி, இன்டெல் டிரைவரைப் போட்டு, ரிசால்வின் டிகோட் (கோப்பைப் பிரித்து ஓட்டும்) அமைப்பில் இன்டெலைத் தேர்ந்தெடுத்தேன். இந்த மூன்றையும் கடையில் யாரும் சொல்லவில்லை.

டைம்லைனை மறுபடி தாலி கட்டும் இடத்துக்கு இழுத்தேன். வீடியோ டிகோட் வரைபடம் மேலே ஏறியது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். பின்னால் நின்ற நாத்தனார் குனிந்து மற்ற இரண்டையும் போட்டார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே வீடியோவை முடித்துப் பெண் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.