பூட்டு போட்டும் ஆனை வந்தது வெளியே தெரிந்துவிட்டது

பேச்சிப்பாறைக்கு மேலே, காட்டோரமாக மாமாவுக்கு ஒரு ரப்பர் தோட்டம். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்கள் ஆனைக்கு எதிரே போய் நின்றுவிடக் கூடாதே என்று போன வருஷம் 14 சென்சார் நோடுகளை, அதாவது நடமாட்டத்தைக் கண்டு ரேடியோவில் சொல்கிற சின்னக் கருவிகளை, மரங்களில் கட்டிவிட்டேன். நடமாட்டம் தட்டுப்பட்டால் ஒரு பாக்கெட் (ஒரு குட்டிச் சேதி) கிளம்பி, நோடு நோடாகக் கைமாறி ஷெட்டுக்கு வரும், அங்கே சிவப்பு லைட் எரியும். எல்லாம் ஏஇஎஸ்-128 என்க்ரிப்ஷன், சாவி இல்லாதவன் சேதியைப் படிக்க முடியாத பூட்டு. அதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்தேன்.

ஒரு ராத்திரி நண்பன் ரேடியோ அலையைப் பிடிக்கிற ஒரு சின்ன யுஎஸ்பி டாங்கிளை லேப்டாப்பில் செருகி, நோடுகள் பேசுகிற 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, ஷெட்டுக்குப் பக்கத்து வேலிக்கு வெளியே உட்கார்ந்தான். ரொம்ப நேரம் திரை சும்மா கிடந்தது. திடீரென்று மங்கலாக ஒரு கோடு, உடனே கொஞ்சம் பளிச்சென்று இன்னொன்று, அப்புறம் அதைவிடப் பளிச்சென்று. "லே மக்கா, தூரத்து மூலையில என்னமோ வந்திருக்கு" என்றான். ஒரு எழுத்தைக்கூட அவன் உடைத்துப் படிக்கவில்லை. யார் முதலில் பேசியது, அடுத்து யார், அவ்வளவு போதும். ஆனையைத் தேடுகிற வேட்டைக்காரனுக்கும் அதுவே போதும்.

இது பழைய பிரச்சினைதான். பாண்டாவைக் கண்காணிக்கிற சென்சார்களை வைத்தே வேட்டைக்காரன் பாண்டாவைப் பிடித்துவிடலாம் என்று 2005-லேயே ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பாக்கெட்டை முதலில் கண்டபடி நாலு நோடு அலையவிட்டு, பிறகு பேஸ் ஸ்டேஷனுக்கு (சேதி போய்ச் சேருகிற இடம், எனக்கு ஷெட்) அனுப்பி, பின்தொடர்கிறவனைத் தடம் மாறவைப்பது அவர்கள் சொன்ன வழி. 14 நோடில் அலைய இடம் ஏது?

அதனால் போலிப் பாக்கெட்டுக்குப் போனேன். சேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு நோடும் 2 நிமிஷத்துக்கு ஒன்று, எல்லாம் ஒரே நீளம், உண்மையானது தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கையிலும் பிரித்து மறுபடி என்க்ரிப்ட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதே பைட்டுகள் மரத்துக்கு மரம் தாவுவதைப் பார்த்தே பின்தொடர்ந்துவிடலாம். போலி என்றால் அடுத்த நோடு அங்கேயே தூக்கிப் போட்டுவிடும். அதனால் ஷெட்டுக்குப் பக்கத்து நோடுகளும் மற்றவை அளவே பேசும், எங்கே சத்தம் அதிகம் என்று பார்த்து பேஸ் ஸ்டேஷனைக் கண்டுபிடிக்கவும் முடியாது. (ஷெட் கூரையில் ஆன்டெனா நட்டுக்கொண்டு நிற்பது வேறு விஷயம்.)

மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். அஞ்சு நோடு தாண்டி வர 10 நிமிஷம்கூட ஆகலாம் என்றதும், "மக்களே, ஆனை வந்து போன பெறவு லைட்டு எரிஞ்சா யாருக்கு?" என்றார். சரிதானே.

இப்போது ராத்திரி 2 மணியிலிருந்து காலை 7 வரை 20 விநாடிக்கு ஒன்று, மற்ற நேரம் 5 நிமிஷத்துக்கு ஒன்று. வேகம் கடிகாரத்தைப் பார்த்துத்தான் மாறுகிறது, ஆனையைப் பார்த்து இல்லை, அதனால் வெளியே எதுவும் கசியாது. ஏழு மாசம் ஓடிய பேட்டரி இப்போது ஆறு வாரத்தில் படுத்துவிடுகிறது, மழையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு அட்டைக்கடிக்கு நடுவே மரம் மரமாக மாற்றுகிறவன் நான்தான்.