ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவே

ஆண்டு முடிவில் அடுத்த ஆண்டுக்கான சந்தா அறிவிப்பு வரும்போதெல்லாம் தமிழ் காமிக்ஸ் வாசகர்களிடையே ஒரே விவாதம் மூள்கிறது. மாதத்துக்கு எத்தனை இதழ்கள் வரவேண்டும் என்பதுதான் அது. இரண்டு போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். நான்கு வந்தாலும் ஒரே வாரத்தில் படித்து முடித்துவிட்டு அடுத்த மாதத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கையிலிருந்து பேச்சைத் தொடங்கினால் எந்த முடிவுக்கும் வர இயலாது என்றே எனக்குப் படுகிறது. ஒரு கதை முடிவதற்கு எத்தனை இதழ்கள் பிடிக்கும், அவற்றுக்கு நடுவே எவ்வளவு காலம் கழியும், அறிவித்த தேதியில் அவை வாசகரின் கைக்கு வந்து சேருமா என்பவற்றை முதலில் தீர்மானித்துவிட்டால், மாதத்துக்கு எத்தனை என்ற கேள்விக்கான விடை அவற்றைத் தொடர்ந்து தானே வந்துவிடும்.

வரைபவரின் கையிலிருந்து தொடங்குகிறேன். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஒரு தொடருக்கு ஆண்டுக்கு ஓர் ஆல்பம், அதாவது ஒரு சித்திரக்கதைப் புத்தகம், என்பது நெடுநாள் வழக்கம். வழக்கமான ஆல்பத்தில் கதைக்கு 44 அல்லது 46 பக்கங்கள் இருக்கும். கட்டிடம், வாகனம், முகபாவம் என அனைத்தையும் நுணுக்கமாக வரையும் ஓவியர், பென்சிலில் வரைந்து மையிட்டு ஒரு பக்கத்தை முடிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டால், ஓர் ஆல்பத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகிவிடுகிறது. ஆஸ்டெரிக்ஸ் தொடர் 1959இல் பிலோத் என்ற பிரெஞ்சு வார இதழில் ஆரம்பமானது. கோசினி எழுத, உடெர்சோ வரைய, அறுபதுகளில் ஒரே ஆண்டில் இரண்டு ஆல்பங்கள் வெளிவந்ததும் உண்டு. 1977இல் கோசினி மறைந்தபின், கதை எழுதும் பொறுப்பையும் உடெர்சோவே ஏற்றுக்கொண்டபோது வேகம் வெகுவாகக் குறைந்தது. 2013 முதல் புதிய படைப்பாளிகளின் கையில் இரண்டாண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் மாதத்தில், ஒரு புதிய ஆல்பம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. இரண்டாண்டு என்பது நீண்ட காலம்தான். ஆயினும் ஒவ்வோர் ஆல்பமும் தன்னளவில் முழுமையான கதை. எவரையும் பாதி வழியில் நிறுத்திவிட்டுப் போவதில்லை. அடுத்தது எப்போது என்பதும் வாசகருக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே அந்த இடைவெளி அவருக்குச் சுமையாக இருப்பதில்லை.

இதற்கு நேர் எதிரானது ஜப்பானிய வார இதழ்களின் முறை. ஷோனென் ஜம்ப் போன்ற இதழில் ஒரு தொடருக்கு வாரந்தோறும் ஏறக்குறைய 19 பக்கங்கள் தேவைப்படுகின்றன. பின்னணிகளையும் நிழல்களையும் உதவியாளர்கள் பார்த்துக்கொண்டாலும், கதையும் முதன்மைப் பாத்திரங்களும் ஒரே படைப்பாளியின் பொறுப்பாகவே இருப்பது அங்கே வழக்கம். எய்ச்சிரோ ஓடாவின் ‘ஒன் பீஸ்’ 1997 முதல் இந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பது வியப்புக்குரிய சாதனை. அவருக்கு ஓராண்டு கழித்து, 1998இல், அதே இதழில் தொடங்கிய யோஷிஹிரோ தொகாஷியின் தொடரோ கடும் முதுகுவலியால் பலமுறை நின்றுபோனது. 2018 இறுதியில் நின்றது மீண்டும் தொடர 2022 அக்டோபர் ஆனது. அதன்பின், அந்தத் தொடர் இனி வாரந்தோறும் வராது என்று அறிவித்துவிட்டார்கள். அந்த அறிவிப்பு எனக்கு நிம்மதியையே தந்தது. ஒரு மனிதரின் முதுகெலும்பைப் பணயம் வைத்துத்தான் அடுத்த அத்தியாயம் வாரந்தோறும் வரவேண்டுமென்றால், அது வராமல் இருப்பதே முறை.

இந்த இரண்டு முறைகளுக்கும் நடுவில், நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு இத்தாலியில் இருக்கிறது. நம் வாசகர்களின் செல்லப்பிள்ளையான கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரைத்தான் சொல்கிறேன். ஜான் லூயிஜி பொனெல்லி எழுத, அவுரேலியோ கலெப்பினி வரைய, 1948 செப்டம்பரில் சிறு பட்டை வடிவ இதழாகப் பிறந்த அந்தத் தொடர், இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கருப்பு வெள்ளைப் பக்கங்களோடு மாதந்தோறும் வெளியாகிறது. ஓர் ஓவியரால் மாதத்துக்கு நூறு பக்கங்களைத் தரத்தோடு வரைய முடியாது என்பதை அங்கே எவரும் மறைப்பதில்லை. பல ஓவியர்கள் ஒரே காலத்தில் வெவ்வேறு கதைகளை வரைந்துகொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் கதையைப் பல மாதங்கள் எடுத்துக்கொண்டு முடிக்கிறார்கள். முடிந்த கதைகள் வரிசையில் நின்று, தத்தம் மாதம் வந்ததும் அச்சேறுகின்றன. வாசகருக்கு மாதம் தவறாமல் இதழ் கிடைக்கிறது. வரைபவருக்கோ தேவையான அவகாசமும் கிடைக்கிறது. இதற்கு விலையாகக் கொடுக்க வேண்டியது ஒன்றுதான்: நாயகனின் முகம் ஓவியருக்கு ஓவியர் சற்று மாறும். டெக்ஸின் தாடையை வைத்தே இது யார் வரைந்தது என்று சொல்லிவிடும் நண்பர்கள் எனக்கு உண்டு.

டெக்ஸை வெளியிடும் அந்த இத்தாலியப் பதிப்பகமே 1988இல் தொடங்கிய பெரிய அளவிலான டெக்ஸ் சிறப்பிதழ் வரிசையில், ஒவ்வொரு முறையும் ஒரு புகழ்பெற்ற ஓவியரை அழைத்து, இருநூறு பக்கங்களைத் தாண்டும் ஒரு முழுக்கதையை வரையச் சொல்வார்கள். மாக்னுஸ் என்ற பெயரில் வரைந்த ரொபெர்த்தோ ரவியோலா அப்படியொரு கதைக்கு ஏறத்தாழ ஏழு ஆண்டுகளைச் செலவிட்டார். இலையும் கல்லும் தண்ணீரும் தனித்தனியே கவனிக்கப்பட்டு வரையப்பட்ட பக்கங்கள் அவை. 1996 பிப்ரவரியில் அவர் மறைந்தார். புத்தகம் அந்த ஆண்டிலேயே, அவருடைய மறைவுக்குப் பின், வெளிவந்தது. அந்த ஏழு ஆண்டுகளும் மாத இதழ் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஒரே நாயகனுக்கு, ஒரே நிறுவனத்தில், மாதக் கணக்கில் ஓடும் ஒரு காலமும் ஆண்டுக் கணக்கில் நடக்கும் இன்னொரு காலமும் ஒன்றை ஒன்று இடையூறு செய்யாமல் இருக்க முடிந்திருக்கிறது. ‘மாதம் ஒன்றா, ஆண்டுக்கு ஒன்றா’ என்று வாதிடுபவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

வெளியீட்டின் கால இடைவெளி கதையின் உருவத்தையும் தீர்மானிக்கிறது. இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் தொடங்கிய தொடர் அது. வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கங்களே இடம் என்பதால், ஒவ்வொரு வாரமும் மாயாவி ஓர் ஆபத்தின் விளிம்பில் நிற்க வேண்டும். அடுத்த வாரம் முதல் கட்டத்திலேயே அதிலிருந்து தப்ப வேண்டும். வாரம் முழுவதும் அந்த விளிம்பையே எண்ணிக்கொண்டிருந்த சிறுவர்களுக்காக அளந்து செய்யப்பட்ட கதை அது. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தபோது நமக்கு முழுக்கதையும் ஒரே இதழில் கிடைத்தது. அந்தக் காலத்து இங்கிலாந்து வாரத்தொடர்களை நாம் மூச்சுவிடாமல் படித்ததற்கும், பெரியவர்களான பின் திரும்பிப் படிக்கும்போது சில இடங்களில் ஒரே வகைத் திருப்பம் திரும்பத் திரும்ப வருவதுபோல் தோன்றுவதற்கும் காரணம் ஒன்றே: மூலம் எந்த இடைவெளிக்காக எழுதப்பட்டதோ, அந்த இடைவெளி நம் கையில் இருக்கும் இதழில் இல்லை.

இதன் மறுபக்கத்துக்கு, தமிழில் ‘இரத்தப் படலம்’ என்ற பெயரில் வந்த தொடர் நல்ல சான்று. பதின்மூன்று என்ற எண்ணையே பெயராகக் கொண்ட அந்த மூலத்தொடரை பெல்ஜிய எழுத்தாளர் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைந்தார். 1984இல் ஸ்பிரூ வார இதழில் ஆரம்பமாகி, முதல் சுற்று 19 ஆல்பங்களோடு நிறைவடைய 2007 வரை ஆனது. நினைவிழந்த ஒருவன் தான் யார் என்று தேடும் கதை. ஒவ்வோர் ஆல்பத்திலும் அவனுக்கு ஒரு புதிய பெயர், ஒரு புதிய கடந்தகாலம், பொய்யோ மெய்யோ என்று உறுதியாகச் சொல்ல முடியாத உறவுகள். இத்தனை பெயர்களையும் ஓராண்டு இடைவெளியில் நினைவில் வைத்திருப்பது ஐரோப்பிய வாசகருக்கே கடினமாக இருந்திருக்கும். எண்பதுகளிலேயே தமிழுக்கு வந்துவிட்ட அந்தத் தொடரைத் துண்டு துண்டாகப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அடுத்த பாகம் கைக்கு வரும்போதெல்லாம் முந்தைய பாகங்களைப் பழைய புத்தகக் கடைகளில் தேடி எடுத்துப் படித்த பின்னரே அதைத் திறக்க முடிந்தது. 2010இல் லயன் காமிக்ஸ் அந்தக் கதையை 800க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட ஒரே கருப்பு வெள்ளைத் தொகுப்பாகக் கொண்டுவந்தபோதுதான் வான் ஹாம் எவ்வளவு கவனமாக முடிச்சுகளைப் போட்டிருக்கிறார் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாம் பாகத்தில் போகிற போக்கில் வந்த முகம் பல பாகங்கள் கடந்து திரும்பும்போது அடையாளம் காண முடிவது எவ்வளவு பெரிய இன்பம் என்பதை அதுவரை நான் அறிந்திருக்கவில்லை.

இங்கேதான் தமிழ்ப் பதிப்பாளருக்கு ஒரு தனிச் சுதந்திரம் இருக்கிறது. ஓவியர் வரைந்து முடிக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கதைகள் ஏற்கெனவே முடிந்த கதைகள். உரிமம் பெறுவது, மொழிபெயர்ப்பது, பேச்சுப் பலூனுக்குள் தமிழ் அடங்கும்படி வசனத்தைச் சுருக்கி எழுத்தமைப்பது, அச்சடிப்பது ஆகியவையே அவருடைய வேலையின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. எனவே மூலத்தில் ஓவியரின் கை விதித்த ஓராண்டு இடைவெளியைத் தமிழிலும் அப்படியே காப்பாற்ற எந்தக் காரணமும் கிடையாது. பத்துப் பாகக் கதையை ஆண்டுக்கு ஒரு பாகமாகக் கொடுத்தால், பத்து வயதில் படிக்கத் தொடங்கியவர் பத்தொன்பது வயதில்தான் முடிவை அறிவார்.

அதற்காக எல்லாவற்றையும் தடித்த தொகுப்பாகவே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தொகுப்பு என்பது ஏற்கெனவே கதையை நேசிப்பவருக்கானது. அதன் விலை நூற்றுக்கணக்கான ரூபாய்களில் இருக்கும். முதன்முதலாக காமிக்ஸைத் தொடும் சிறுவனோ அவனுடைய தந்தையோ அந்த விலையைப் பார்த்து முன்வரமாட்டார்கள். 1984 முதல் 2005 வரை மாதம் இருமுறை வெளிவந்த ராணி காமிக்ஸ் அத்தனை வீடுகளுக்குள் நுழைந்ததற்கு, சில்லறைக் காசுக்குப் பெட்டிக்கடையிலேயே வாங்க முடிந்ததும், பதினைந்து நாளில் அடுத்தது வரும் என்பது உறுதியாகத் தெரிந்ததும் முக்கியக் காரணங்கள். கதைகளின் தரத்தைப் பற்றி எங்களுக்குள் எவ்வளவு கருத்து வேறுபாடு இருந்தாலும், முதல் தேதியும் பதினைந்தாம் தேதியும் நெருங்கும்போது கடைக்காரரிடம் போய்க் கேட்கும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கே ஊட்டியது அந்த இதழ்தான். இன்று சந்தாவிலும் புத்தகக் கண்காட்சிகளிலும் பெரிதும் தங்கியிருக்கும் நம் காமிக்ஸ் உலகில் அந்தப் பழக்கத்தை மீண்டும் உருவாக்க வழி இருக்கிறதா என்பது எனக்கு உண்மையாகவே கவலை தரும் கேள்வி.

எனவே என் விருப்பத்தைத் திட்டமாகவே சொல்லிவிடுகிறேன். மாதந்தோறும் ஒரே தேதியில், குறைந்த விலையில், அந்த இதழிலேயே முடிந்துவிடும் ஒரு கதை வரவேண்டும்; நகைச்சுவை கௌபாய் லக்கி லுக்கின் கதைகளும் டெக்ஸின் சிறு சாகசங்களும் இதற்குப் பொருத்தமானவை. அதோடு, வளர்ந்த வாசகர்களுக்கான வேறொரு கதையும் மாதம் ஒன்று வந்தால் போதும். சித்திரக்கதை ஒருமுறை புரட்டிவிட்டு அடுக்கி வைப்பதற்குரியதல்ல. முதல் வாசிப்பில் கண் வசனத்தின் பின்னே ஓடிவிடும், இரண்டாம் வாசிப்பில்தான் ஓவியத்தின் மீது நிற்கும். மாதத்துக்கு நான்கு ஐந்து இதழ்கள் வந்து குவியும்போது அந்த இரண்டாம் வாசிப்பு நடப்பதே இல்லை. பல பாகங்களாக ஓடும் கதைகளைச் சென்னைப் புத்தகக் கண்காட்சியை ஒட்டி ஆண்டுக்கு ஒன்று என்று ஒரே தொகுப்பாக வெளியிடலாம். அது பெரும் செலவாகுமென்றால், இடைவெளி விடாமல் அடுத்தடுத்த மாதங்களில் எல்லாப் பாகங்களையும் கொடுத்துவிடலாம்.

லார்கோ வின்ச் என்ற தொடர் இதற்கு நல்ல முன்மாதிரி. வான் ஹாம் அந்தத் தொடரில் ஒவ்வொரு கதையையும் இரண்டு ஆல்பங்களில் முடியும்படி அமைத்தார். முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவே மூலமொழி வாசகர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழில் இரண்டையும் சேர்த்து ஒரே இதழாகத் தந்தபோது, அந்தக் காத்திருப்பே நமக்கு இல்லாமல் போனது. மூலத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தொடர்களிலும், முடிந்த ஒரு சுற்று கையில் இருந்தால் மட்டுமே முதல் பாகத்தை அறிவிக்க வேண்டும். அடுத்த சுற்று அங்கே நிறைவடைந்து, இங்கே மொழிபெயர்ப்பும் முடிந்த பிறகு அதற்கொரு தேதியைச் சொன்னால் போதும். அதுவரை எத்தனை ஆண்டுகள் ஆனாலும் நான் காத்திருப்பேன்.