மணி கோக்க நூல் வேண்டாம்

தீபாவளிப் புடவைக்கு ஏற்ற மணிமாலையை இம்முறை வீட்டிலேயே கோக்கிறேன். மணிகள் சிங்கப்பூர் அரபு ஸ்திரீட்டில் வாங்கியவை. நூல் மட்டும் வேண்டவே வேண்டாம். கண்ணாடி மணியின் துளை விளிம்பு அதை அறுத்துவிடும். நைலான் பூச்சிட்ட கம்பிதான் என் கட்சி. பார்வைக்கு ஒற்றை இழை. உள்ளே 7, 19 அல்லது 49 எஃகு இழைகள் முறுக்கியிருக்கும். இழை கூடக் கூட மாலை கழுத்தில் குழைந்து விழும்.

முடிச்சுப் போடக் கூடாது. கிரிம்ப் எனும் சிறு உலோக மணியில் கோத்த கம்பியைக் கொக்கியில் நுழைத்து, அதே மணிக்குள் திருப்பிவிட்டு, குறடால் நசுக்க வேண்டும். மணிகளை நெருக்கி அடைத்தால் மாலை விறைத்து நிற்கும். சற்றுத் தளர்வு விடுங்கள். வெட்டிய நுனியை அடுத்த மணிக்குள் மறைக்காவிட்டால் பிடரியில் குத்தும்.

உருண்டோடும் மணிகளைப் பொறுக்கும் வேலை அக்காள் மகளுக்கு. கூலியாகக் கைவளை கேட்கிறாள், அதுவும் இரண்டு கைக்கும்!