கான்சாஸ் சிட்டி: லெஸ்டர் யங் ஊதித் திரிந்த தெருக்கள்

பஸ் மூன்று மணி நேரம் தாமதம். செயின்ட் லூயிஸிலிருந்து கான்சாஸ் சிட்டி சுமார் நானூறு கிலோமீட்டர். சாயங்காலம் போய்ச் சேர்ந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு ராத்திரி கச்சேரி கேட்கலாம் என்று நானும் மச்சானும் போட்ட திட்டம் பஸ் நிலைய பெஞ்சிலேயே காலி. ஏன் தாமதம் என்று சொல்ல ஆள் இல்லை. வந்த பஸ்ஸில் சார்ஜர் வேலை செய்யவில்லை, ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னால் டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நள்ளிரவில் இறங்கினால் ஒரே ஒரு டாக்சி. பத்து நிமிட தூரத்துக்கு நாற்பது டாலர் கேட்டார். மீட்டரும் போடவில்லை. மச்சான் பேசிப் பேசி முப்பதுக்குக் கொண்டுவந்தான். அடுத்த நாள் அதே தூரத்துக்கு ஆப்பில் பன்னிரண்டுதான் காட்டியது. "விடு மாப்ளே, போனது போகட்டும்" என்றான் அவன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த செயின்ட் லூயிஸ் சாலைக்கு ஜாஸ் வரலாற்றில் ஒரு கதை உண்டு. 1933 டிசம்பரில் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் இசைக்குழு கான்சாஸ் சிட்டிக்கு வந்தது. டெனர் சாக்ஸபோன் என்றால் அன்று கோல்மன் ஹாக்கின்ஸ்தான், அவர் அந்தக் குழுவில் இருந்தார். செர்ரி பிளாஸம் என்ற கிளப்பில் உள்ளூர் டெனர்காரர்கள் அவரை வளைத்துக்கொண்டார்கள்: என் அபிமான லெஸ்டர் யங், பென் வெப்ஸ்டர், ஹெர்ஷல் எவன்ஸ். விடிய விடிய ஊதியிருக்கிறார்கள். பியானோக்காரர்கள் எல்லாம் களைத்துப்போக, தூங்கிக்கொண்டிருந்த மேரி லூ வில்லியம்ஸை பென் வெப்ஸ்டர் போய் எழுப்பி அழைத்து வந்தாராம். ஹாக்கின்ஸுக்கு அன்று செயின்ட் லூயிஸில் கச்சேரி. இவர்களை விட்டுப் போக மனமில்லாமல் கடைசி நேரம்வரை இருந்துவிட்டு, புது காடிலாக்கை விரட்டி எஞ்சினையே தீய்த்துவிட்டார் என்று பின்னாளில் சொன்னவரும் மேரி லூதான். பஸ்ஸில் நடுங்கிக்கொண்டு வந்தபோது இதைத்தான் மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படி ஒரு ராத்திரி வாழ்க்கை இந்த ஊருக்கு வாய்த்ததற்குக் காரணம் அரசியல். டாம் பெண்டர்காஸ்ட் என்ற கட்சித் தலைவரின் கையில் நகரம் இருந்தது. மதுவிலக்கு சட்டத்தில் இருந்தாலும் இங்கே கடைகள் மூடவில்லை. பொருளாதார மந்தத்தில் நாடெங்கும் இசைக்காரர்கள் வேலையில்லாமல் திண்டாடியபோது இங்கே விடியும்வரை வேலை கிடைத்தது. 1939-ல் வரி ஏய்ப்புக்காக அவர் சிறைக்குப் போனதும் அந்தக் காலம் முடிந்தது.

செலவு விவரத்தை வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். முதலில் போக்குவரத்து. மெயின் தெருவில் ஓடும் டிராமுக்கு டிக்கெட்டே கிடையாது, யாரும் ஏறலாம். ஆனால் அது 18-ஆம் தெருவும் வைன் தெருவும் சந்திக்கும் பழைய ஜாஸ் பகுதிக்குப் போகாது. இறங்கி அரை மணி நேரம் கிழக்கே நடக்க வேண்டும், நடந்தோம். அங்கே அமெரிக்க ஜாஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்திலேயே கறுப்பின பேஸ்பால் அருங்காட்சியகம். இரண்டுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தால் மிச்சம்.

உள்ளே ஜாஸ் மேதை சார்லி பார்க்கரின் பிளாஸ்டிக் ஆல்ட்டோ சாக்ஸபோன் இருக்கிறது. தந்த நிற உடல், பித்தளைச் சாவிகள். 1953-ல் டொராண்டோவில் அவர் வாசித்தது, 1994-ல் லண்டன் ஏலத்தில் இந்த நகரமே எடுத்தது. கொஞ்ச தூரத்தில் பார்க்கரின் வெண்கலத் தலைச் சிலை, பத்தடி உயரம். பார்க்கர் இந்த ஊர்ப் பிள்ளை, அவருக்கு எவ்வளவு பெரிய சிலையும் தகும். ஆனால் அந்தப் பார்க்கர் பையனாக இருந்தபோது ரீனோ கிளப்பின் பின்பக்கம் நின்று கேட்டது லெஸ்டர் யங்கை. 1937 கோடையில் மலைப்பக்கம் ஓர் ஓய்விடத்தில் வேலை பார்த்தபோது உட்கார்ந்து மனப்பாடம் செய்ததும் லெஸ்டரின் இசைத்தட்டுகளைத்தான். அந்தத் தலைக்குப் பக்கத்தில் லெஸ்டருக்கும் ஒரு சிலை நிற்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், டெனர் சாக்ஸ் என்றால் ஹாக்கின்ஸ் மாதிரி கனமாக, அடர்த்தியாகத்தான் ஊத வேண்டும் என்றிருந்த காலத்தில் வேறு வழி இருக்கிறது என்று காட்டியவர் லெஸ்டர். 1934-ல் ஹாக்கின்ஸ் ஐரோப்பா போனதும் அந்த இடத்துக்கு லெஸ்டரை ஹெண்டர்சன் எடுத்தார். நியூயார்க்கில் ஹெண்டர்சனின் மனைவி தினம் காலையில் ஹாக்கின்ஸின் தட்டுகளைப் போட்டு, இப்படி ஊது என்று சொல்லிக்கொடுத்தாராம். லெஸ்டர் மாறவில்லை. சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டுத் திரும்பினார். நல்லவேளை!

1936 நவம்பரில் சிகாகோவில், கான்சாஸ் சிட்டி இசைக்குழுத் தலைவர் கவுன்ட் பேஸியின் ஆட்கள் ஐந்து பேர் வாசித்துப் பதிவான 'லேடி பீ குட்' தட்டைக் கேளுங்கள். லெஸ்டரின் முதல் பதிவுகளில் ஒன்று. அறுபத்து நான்கு பார் (தாளச் சுற்று) நீளத்துக்கு அவர் தனியாக ஊதுகிறார். ஒரே சுரத்தைப் பிடித்து அதைத் தாளத்துக்கு முன்னும் பின்னும் நகர்த்துகிறார், மூச்சு விடும் இடம்கூட இசையாகிறது. இருபத்தேழு வயதில் இது!

பசி. பேஸி பற்றிப் பேசிக்கொண்டே புரூக்ளின் அவென்யூவில் ஆர்தர் பிரையன்ட்ஸ் கடைக்குப் போய்விட்டோம். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் நின்றவர் வெள்ளை ரொட்டித் துண்டின் மேல் சுட்ட மாட்டிறைச்சியைக் கையால் அள்ளி வைக்கிறார், வைக்கிறார், நிறுத்துவதாகவே இல்லை. மேலே இன்னொரு ரொட்டி, கூட ஊறுகாய் வெள்ளரி. ஆரஞ்சு நிறச் சாஸ், வினிகர் புளிப்பு, நாக்கில் மிளகாய்த்தூள் நறநறக்கிறது. சாண்ட்விச் ஒன்றை வாங்கி இரண்டு பேர் சாப்பிட்டோம், வயிறு நிரம்பியது. விரல் நுனியில் புகை வாசம் ராத்திரிவரை இருந்தது. விலை அதிகம்தான். கொடுக்கலாம்.

வெள்ளி, சனி ராத்திரி என்றால் ஹைலேண்ட் அவென்யூவில் உள்ள மியூச்சுவல் மியூசிஷியன்ஸ் ஃபவுண்டேஷனைத் தவறவிடாதீர்கள். கறுப்பின இசைக்காரர்களின் 627-ஆம் எண் தொழிற்சங்கத்தின் பழைய கட்டடம், இப்போது தேசிய வரலாற்றுச் சின்னம். வேறு இடங்களில் வேலை முடித்த கலைஞர்கள் ஒரு மணிக்கு மேல் இங்கே வந்து கூடுகிறார்கள். நாங்கள் போன ராத்திரி ஒரு பெரியவர் சாக்ஸின் ரீடை (ஊதும் இடத்து நாணல் துண்டை) நாக்கில் நனைத்துக்கொண்டே இளம் டிரம்மரிடம் ஏதோ சொன்னார். அவன் தலையாட்டி, பெரிய டிரம்மை விட்டு, காலால் மிதிக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹாட்டுக்கு மாறினான். பேஸி குழுவின் ஜோ ஜோன்ஸ் கொண்டுவந்த பாணி. அப்புறம் தொடங்கினார்கள் பாருங்கள், 'லெஸ்டர் லீப்ஸ் இன்'! லெஸ்டர் 1939-ல் போட்டது. மச்சானுக்கு ஜாஸ் பழக்கமே இல்லை, மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் அவன் கேட்டான்: "அப்புறம் அந்த ஆளுக்கு என்ன ஆச்சு?" 1944-ல் பட்டாளத்தில் சேர்த்தார்கள். கஞ்சா வைத்திருந்ததாக 1945-ல் ராணுவ நீதிமன்றம் ஓராண்டு காவல் விதித்தது. வெளியே வந்ததும் அந்தச் சிறையின் (டிடென்ஷன் பேரக்ஸ்) பெயரிலேயே 'டி.பி. புளூஸ்' என்று ஒன்று போட்டார். அதற்குப் பிறகு அவரிடம் ஒன்றுமில்லை என்று எழுதுபவர்கள் 1956-ல் டெடி வில்சனோடு செய்த பதிவுகளைக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றுதான் சொல்வேன். குரல் தளர்ந்திருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறார். 1959 மார்ச் 15-ல் நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் போய்விட்டார். வயது 49.

அவர் கல்லறை புரூக்ளினில், எவர்கிரீன்ஸ் இடுகாட்டில். நியூயார்க்கில் அறை வாடகையைப் பார்த்ததும் அந்தப் பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டேன். காசில்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வோர் ஆகஸ்ட் 27-ம் அவர் பிறந்தநாள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.கே.சி.ஆர். வானொலி அன்று முழுக்க லெஸ்டரைப் போடுகிறது, அப்படியே 29-ம் தேதி பார்க்கர் பிறந்தநாள்வரை நீள்கிறது. இணையத்திலேயே கேட்கலாம், இலவசம்.